ரெண்டு மில்லிமீட்டர்

ஏனுங்க, அந்தப் பைக்குள்ள இருக்கறது லேப்டாப்புங்களா? அதான் பாத்தேன், கைக்குழந்தையாட்டம் மடியில புடிச்சிட்டு உக்காந்திருக்கறீங்க. நான் ஒண்ணும் தொட மாட்டனுங்க, பயப்படாதீங்க. நீங்க சன்னலோரமா நகந்துக்குங்க, என் பைய காலுக்கடியில வெச்சுக்கறேன். பாத்து, உள்ள இரும்புச் சாமான் இருக்குது, முட்டிக்கிட்டா வலிக்கும்.

கோபிக்குங்களா டிக்கெட்? நானும் கோபிதானுங்க. நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். அந்தப் பாட்டுக் கேக்கற ஒயர காதுல மாட்டிக்காதீங்க, காதுக்குக் கெடுதல்.

என் பேரு ஆறுச்சாமிங்க. பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனியில முப்பத்தி நாலு வருசம் ஃபிட்டரா இருந்தேன். ஃபிட்டர்னா என்னன்னு தெரியுமுங்களா? இப்பத்த ஆளுகளுக்குத் தெரியாதுங்க, அவங்களுக்கு எல்லாமே டப்பால இருந்து எடுத்து மாட்டறதுதான். அப்பெல்லாம் வார்ப்புல இருந்து சாமான் வரும், ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. சேர வெக்கறதுதான் நம்ம சோலி. ஐடிஐ பரீட்சையில ரெண்டு இரும்புத் துண்டு குடுப்பாங்க. அரத்துல ராவி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சுக் காட்டோணும். நடுவுல ஒரு நூல் வெளிச்சம் தெரிஞ்சாலும் ஃபெயிலுங்க. எனக்கு வாத்தியாரு நூத்துக்குத் தொண்ணூத்தாறு போட்டாரு. மிச்சம் நாலு மார்க்கு ஏன் போச்சுன்னா நான் அவரையே எதிர்த்துப் பேசிட்டனுங்க. அது வேற கதை.

இப்ப விசயத்துக்கு வர்றேன். லேப்டாப் வெச்சிருக்கற மனுசன் ஒருத்தர்கிட்ட ஞாயம் கேக்கோணும்னு நாலு மாசமா நெனச்சுட்டு இருக்கறனுங்க. ஒரு ராம் குச்சிங்க, லேப்டாப்புக்குள்ள மெமரிக்குன்னு சொருகற சாமான். என் விரல் நீளம். அதுக்காக ஒரு குடும்பத்தையே பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா ஒரு மருமக. நீங்களே சொல்லுங்க, இது ஞாயமா?

மருமக பேரு கோகிலவாணி. கணக்குல எம்.எஸ்ஸி. நல்ல புள்ளைங்க, நான் குறையே சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு எந்திரிக்கும், சாம்பாருக்குப் புளி ஜாஸ்தி, அதெல்லாம் நான் வாயத் தெறந்து சொன்னதே இல்லை. ஒரு நாளைக்கு ஒருக்கா ரெண்டுக்கா ஜாடையாச் சொல்லியிருப்பேன். பேத்தி பொறந்ததும் பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு ஊட்டுல இருந்துச்சு. பேத்திக்கு நாலு வயசு ஆனதும் மறுபடியும் வேலைக்குப் போறேன்னு ஒரே நச்சரிப்பு. நச்சரிப்புன்னா வாயில சொல்லாதுங்க, மொகத்த வெச்சுக்கும். நாந்தான் சொன்னேன், கண்ணு, ஊட்ட உட்டுட்டு வெளிய எல்லாம் போக வேண்டாம், ஊட்டுல இருந்தே எதாச்சும் பாருன்னு. அதுவும் சரீன்னு எட்டு மாசமா அந்த லேப்டாப்ப வெச்சுட்டு தேடுச்சு. வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுக குழந்தைகளுக்கு இங்க இருந்தே கணக்குச் சொல்லிக் குடுக்கற வேலையாமா. ஒரு கம்பெனி கூப்புட்டுருச்சு. வியாழக்கெழம காலைல பதினோரு மணிக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டோணும். அது புடிச்சா வேலை.

ஆனா அந்தக் கம்பெனிக்காரன் ஒரு கண்டிசன் போட்டுட்டானுங்க. லேப்டாப்புல மெமரி எட்டு ஜிபி இருக்கோணுமாமா. இதுகிட்ட இருக்கறது காலேஜ் படிக்கறப்ப வாங்குன பழசு, நாலுதான் இருக்குது. உள்ள ஒரு குச்சி இருக்குது, பக்கத்துலயே இன்னொண்ணு சொருக எடம் காலியாக் கெடக்குது. அதுல இன்னொரு நாலு ஜிபி சொருகுனாப் போதும், சோலி முடிஞ்சுது.

பாத்தீங்ளா, எனக்கு எவ்வளவு வெவரம் தெரியுதுன்னு? ஆனா அந்தப் புள்ள என்கிட்ட கேக்கலீங்க. "ஞாயித்துக்கெழம நீங்க போய் வாங்கிட்டு வந்துருங்க"ன்னு எம் பையன் மோகன்ராஜுகிட்டச் சொல்லுது. அவன் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ஆபீசுல இருக்கறான். ஒரு பல்பு மாத்தச் சொன்னா எலக்ட்ரீசியனுக்குப் போன் பண்ற பையன். முப்பத்தி நாலு வருசம் ஃபிட்டரா இருந்தவன் எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்கறேன். எனக்கு எப்படி இருக்கும்?

அவனும் அந்த ஞாயித்துக்கெழம ஆபீஸுன்னு போயிட்டான். செவ்வாக்கெழம நானே சொன்னேன், காந்திபுரத்துல எனக்கு ஒரு சோலி இருக்குது, நானே வாங்கிட்டு வர்றேன்னு.  அந்தப் புள்ள உள்ள போயி, லேப்டாப்பத் திருப்பிப் போட்டு, மூடியக் கழட்டிப் பாத்து, ஒரு சீட்டுல என்னத்தையோ எழுதிக் கொண்டாந்து குடுத்துச்சு. "இதக் கடையில அப்படியே காட்டுங்க மாமா"ன்னுச்சு. அப்படியே காட்டோணுமாமா. நான் என்ன ரேசன் கடைக்கா போறேன், சீட்டக் காட்டி வாங்கறதுக்கு? டிராயிங் பாத்துப் பம்பு செஞ்ச கையுங்க இது. சரீன்னு வாங்கிச் சட்டை ஜோப்புல போட்டுக்கிட்டேன்.

கடையில ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சு. நாப்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டுட்டு. டாக்டரு கேக்கறாப்புல கேள்வி கேக்குது.

"லேப்டாப் என்ன மாடலுங்கண்ணா?"

"கருப்புங்க."

"கம்பெனி?"

"பேரு தேஞ்சு போச்சு அம்மிணி. ஆனா நல்ல கம்பெனி."

"பழைய ராம் கழட்டிட்டு வந்தீங்களா? இல்லை, எழுதியாச்சும் கொண்டாந்தீங்களா?"

"எல்லாம் மண்டையில இருக்குது."

அந்தம்மா சிரிக்கலீங்க. ராமுலயே டிடிஆர்னு தலைமொறை நம்பர் இருக்குதாமா, பழைய லேப்டாப்புன்னா அனேகமா டிடிஆர் மூணா இருக்கும், அதுலயும் ரெண்டு தினுசு இருக்குது, ஒண்ணு கரண்டு கம்மியா எடுக்கும், எதுன்னு பாத்துத்தான் வாங்கோணும், ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்கன்னு ஒரே வியாக்கியானம். நான் அலமாரியப் பாத்தேன். அங்க டிடிஆர் நாலுன்னு ஒண்ணு தொங்குது.

"அம்மிணி, மூணு புதுசா, நாலு புதுசா?"

"நாலுதாங்க புதுசு. ஆனா மூணு இருக்கற எடத்துல நாலு சேராதுங்கண்ணா. அடியில இருக்கற வெட்டே வேற எடத்துல இருக்கும். கரண்டும் வேற."

"சேர வெக்கறது என் பாடு. நீ எடு."

"இல்லீங்கண்ணா, நெசமாலுமே சேராதுங்க."

மூணு தடவை சொல்லுச்சுங்க. விக்கறதுக்கு உக்காந்துட்டு, வாங்காதீங்க வாங்காதீங்கன்னு சொல்ற கடைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? ஊர்ல வேவாரம் ஏன் படுத்துக் கெடக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நான் விடலீங்க. நாலு ஜிபி வேண்டாம், எட்டு ஜிபியே குடு, மருமகளுக்கு வாங்கறதுல குறை வெக்கக் கூடாதுன்னேன். கடைசில அந்தம்மா பில்லுல "வாங்குபவர் சொன்னபடி கொடுத்தது"ன்னு எழுதி, என்கிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கிக்கிச்சு. நான் நல்லா நீட்டிப் போட்டுக் குடுத்தேன். ஊருக்குள்ள மரியாதையான ஆளுன்னு தெரிஞ்சிருக்கும்போல, நம்ம கையெழுத்து வேணும்னு நெனச்சிருக்கும்.

ஊட்டுக்கு வந்தா, "டிடிஆர் மூணுதானுங்களே மாமா?"ன்னு வாசல்லயே கேக்குது. "நீ கேட்டதுக்கு மேலயே இருக்குது கண்ணு"ன்னு சொன்னேன். பொய் இல்லீங்களே? மூணுக்கு மேல நாலுதான? குடுங்க நான் போட்டுக்கறேன்னுச்சு. பொறுங்கம்மா, நாளைக்கழிச்சு காலைல நானே போட்டுத் தர்றேன்னு பீரோவுல வெச்சுட்டேன்.

வியாழக்கெழம காலைல பேத்திய ஸ்கூல்ல உட்டுட்டு வர்றதுக்கு அது கெளம்புச்சு. நான் லேப்டாப்ப எடுத்துட்டுப் பின்னாடி என் பட்டறைக்கு வந்தேன். பட்டறைன்னா செவுத்தோரம் தகரம் போட்ட சின்ன சாய்ப்புதான். சாமான இறுக்கிப் புடிக்கற பெஞ்ச் வைஸ், ராவறதுக்கு அரம், அளக்கறதுக்கு வெர்னியர் எல்லாம் இருக்குது. மூடியக் கழட்டி வெச்சுப் பாக்கறேன், போகலீங்க. வெர்னியர் வெச்சு அளந்தேன். குச்சி அறுபத்தொம்பது புள்ளி ஆறு. எடம் அறுபத்தேழு புள்ளி ஆறு. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டருங்க. இதுக்குத்தான் அந்தப் பொம்பளை சேராது சேராதுன்னு அந்தப் பாட்டுப் பாடுச்சு. ரெண்டு மில்லிமீட்டர்னா எனக்கு ரெண்டு நிமிசச் சோலி.

எங்கூட்டுக்காரி ருக்மணி வந்து எட்டிப் பாத்தா. "ஏனுங்க, அந்தப் புள்ள வரட்டுமுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க"ன்னா. அடுப்புல பால் பொங்குது பாருன்னு அனுப்பிட்டேன்.

இங்க பாருங்க, ஜோப்புலதான் வெச்சிருக்கறேன். தாளப் பிரிங்க. புடிச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது, ஆகறதெல்லாம் ஆயிப்போச்சு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர். பிசிறு இருக்குதா? விரல் வெச்சுத் தடவிப் பாருங்க. அரத்துல பொடி அடைக்கக் கூடாதுன்னு சாக்பீஸ் தேச்சுட்டு ராவுனனுங்க, அந்தப் புள்ள பாடம் நடத்தறதுக்குன்னு கரும்பலகை மேல வெச்சிருந்த சாக்பீஸு. அடியில ஒரு வெட்டு இருக்குது பாருங்க, அது கம்பெனிக்காரன் போட்டது, தப்பான எடம். பக்கத்துல இருக்கறது நான் போட்டது. எது சுத்தமா இருக்குது, சொல்லுங்க? வெட்டுப் போடறப்ப தங்கக் கலருல இருக்கற கம்பி ரெண்டு மூணு போச்சு. மொத்தம் இருநூத்தி அறுபது இருக்குதுங்க. ரெண்டு மூணு போனா என்ன கேடு?

போட்டு அமுக்குனேன். போயி உக்காந்துச்சு பாருங்க, டக்குன்னு. வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சுப் பாத்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் தெரியலீங்க. அன்னைக்கு எங்க வாத்தியாரு இருந்திருந்தா அந்த நாலு மார்க்கையும் சேத்துப் போட்டிருப்பாரு.

பத்தரைக்கு அது வந்துச்சு. நீலக் கலர்ல ஒரு சீலை, நல்லாப் படிய வாரி, பொட்டெல்லாம் வெச்சு, சாமி ரூமுல கும்புட்டுட்டு வந்து கரும்பலகைக்கு முன்னால உக்காந்துச்சு. லேப்டாப்ப நானே கொண்டு போயி வெச்சேன். நான் போட்டுட்டேன் கண்ணு, அமுக்குன்னேன். என்னைப் பாத்துச்சு. அமுக்குச்சு. ஒரு சத்தம் வந்துச்சு, ஒரு வாசனை வந்துச்சு, அவ்வளவுதானுங்க.

மறுபடி அமுக்குச்சு. ஒயரப் புடுங்கி மாட்டுச்சு. என் குச்சியக் கழட்டிட்டுப் பழசோடயே அமுக்குச்சு. ஒண்ணுமே வரலை. மணி பத்தே முக்கால். போன எடுத்து அந்தக் கம்பெனிக்குப் பேசுச்சு, இங்கிலீஷ்ல. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, ஓகே ஓகேன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுருச்சு. ஒருக்கா வராட்டி ஒரு வருசத்துக்குக் கூப்புட மாட்டாங்களாமா. இந்த மாதிரி கம்பெனியில வேலைக்குப் போகாததே நல்லதுன்னு எனக்குப் பட்டுச்சுங்க. ஆறுதலா இருக்கட்டும்னு அதச் சொல்லவும் சொன்னேன்.

அழுகலீங்க. கத்தலீங்க. என் குச்சியக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "மாமா, நான் எழுதிக் குடுத்த சீட்டு எங்க?"

மாமனாரப் பாத்து மருமக கேக்கற கேள்வியா இது? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ன, நான் சீட்டக் காட்டாம வாங்கிட்டு வந்துட்டேன்னு சொல்ல வர்றியா? சீட்டக் கடையில அந்தப் பொம்பளைகிட்டயே குடுத்துட்டேன், அவ மாத்திக் குடுத்துட்டா, நான் என்ன பண்ணட்டும்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை மாத்திச் சொன்னனுங்க, அவ்வளவுதான். ஊட்டுல சண்டை வரக் கூடாதுன்னு சொன்னது. நீங்களா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பீங்க.

அத்தோட விட வேண்டியதுதான? அடுத்த நாளு அந்தப் புள்ள குச்சியையும் எடுத்துக்கிட்டு நேரா அந்தக் கடைக்கே போயிருச்சுங்க. என் மாமா சீட்டக் குடுத்தும் ஏன் தப்பாக் குடுத்தீங்கன்னு எனக்காகச் சண்டை போட்டிருக்குது. எனக்காகத்தானுங்க, அத நான் மறைக்க மாட்டேன். அந்தம்மா பில்லு நகல எடுத்துக் காட்டிருச்சு. என் கையெழுத்தோட. மூணு தடவை சொன்னனுங்கன்னும் சொல்லியிருக்குது.

திரும்பி வந்துச்சு. நான் சாப்புட உக்காந்திருந்தேன்.  தட்டுல சோறு போட்டுச்சு, ரசம் ஊத்துச்சு, அப்பளம் வெச்சுச்சு. பில்லு நகலத் தண்ணிச் சொம்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு, குச்சியையும் அது மேல வெச்சுட்டு உள்ள போயிருச்சுங்க. அன்னையில இருந்து, சாப்புட வாங்க மாமா, குளிக்கத் தண்ணி காஞ்சிருச்சு மாமா, இந்த ரெண்டு பேச்சுதான். நடுவுல ஒரு பேச்சு இல்லை.

பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப கோபில ஒரு ஸ்கூல்ல வேலை கெடச்சிருச்சுன்னு கெளம்பிருச்சுங்க. அவங்கம்மா ஊரு அது. பேத்தியையும் அங்கயே சேத்தியாச்சு. எம் பையனும் துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டு நிக்கறான். பீளமேட்டுல இருந்து போனாலும் திருப்பூரு ஒண்ணரை மணி நேரம், கோபில இருந்து போனாலும் ஒண்ணரை மணி நேரந்தானுங்கப்பாங்கறான். ஏன்டா, ஒரு ராம் குச்சிக்காகவாடான்னு கேட்டேன்.

"அதுக்காக இல்லீங்கப்பா."

"பின்ன எதுக்குடா?"

 அவன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். பதில் இருந்தாத்தான சொல்லுவான்? நாலு மாசமா நானும் ரோசிச்சுப் பாக்கறேன், எனக்கும் ஒரு காரணமும் அகப்படலீங்க.

ஊடு வெறிச்சுன்னு கெடக்குதுங்க. பேத்தி சாயங்காலம் பட்டறைக்கு வந்து, வைஸ்ல அவ பொம்மை கையக் குடுத்து முறுக்கிட்டு, தாத்தா வெளாட்டுக்குன்னு சிரிக்கும். இப்ப அந்த வைஸ்ல துரு ஏறிப் போச்சு. ருக்மணி மாசம் ரெண்டு தடவை கோபி போயிட்டு வர்றா. என்னைக் கூப்புட்டா வரமாட்டீங்கன்னு அவளே முடிவு பண்ணிக்கறா. நெசத்தச் சொல்லட்டுமுங்களா? யாரும் என்னை வாங்கன்னு சொல்லலீங்க. அதுதான் நெஞ்சுல குத்துது.

அந்தத் தாளக் கீழ போட்றாதீங்க, குச்சியச் சுத்தி வெக்கோணும். அதுல என்னமோ எழுதியிருக்குதுங்களா? அட, அந்தச் சீட்டுங்க. அன்னைக்கு ஜோப்புல போட்டது அப்படியே இருந்துச்சு, குச்சி கீறாம இருக்கட்டும்னு சுத்தி வெச்சுட்டேன். நான் படிக்கலீங்க, கண்ணாடி இல்லாம எனக்கு நுணுக்கு எழுத்துத் தெரியாது. நீங்க படிங்க. சத்தமாப் படிங்க, பஸ்ஸு எரைச்சல்ல கேக்காது.

ம். டிடிஆர் மூணு, எல், கரண்டு கம்மியா எடுக்கற தினுசு. நாலு ஜிபி. ஒண்ணே கால் சொச்சம் வோல்ட். சரி. மூணுதான் வேணும், நாலு சேராது. சரீங்க. கட்டத்துக்குள்ள எழுதி அடியில கோடு வேற போட்டிருக்குதா? படமும் போட்டிருக்குதுங்களா, வெட்டு எங்க வரோணும்னு? நல்லாத்தான் வரைஞ்சிருக்குது. டிராயிங்கே குடுத்திருக்குது போங்க. அடியில என்ன?

இன்னொருக்கா படிங்க.

"சந்தேகமா இருந்தா வாங்காதீங்க மாமா. வெறுங்கையோட வந்துருங்க, பரவாயில்லை."

பரவாயில்லைன்னா எழுதியிருக்குது?

இருங்க. ஒரு நிமிசம். காத்து மொகத்துல அடிக்குதுங்க, கண்ணுல தூசி.

இத்தனை மாசமா என் நெஞ்சுக்கிட்டயே இருந்திருக்குதுங்க இது. வந்துருங்க மாமான்னு அதுவே கைப்பட எழுதியிருக்குது. பாத்தீங்ளா? வாயில சொல்லாட்டியும் மனசுல கூப்புட்டுட்டுத்தான் இருந்திருக்குது. நாந்தான் கண்ணாடி போடாம விட்டுட்டேன். நல்ல புள்ளைங்க, நான் அப்பவே சொன்னேன்ல?

ஆனா பெருந்தன்மையா எழுதிருச்சுங்கறதுக்காக, வெறுங்கையோட போயி நிக்க முடியுமுங்களா? ரெண்டு மாம்பழம் இல்லாம ஒரு ஊட்டுப் படி ஏறுன பரம்பரை இல்லீங்க எங்களுது. அந்தப் பைய இப்படி நகத்துங்க, காட்டறேன். முந்தாநாளு பேத்தி போன்ல சொல்லுச்சு, அம்மா புது லேப்டாப் வாங்கிருச்சு தாத்தான்னு. என்ன கலருன்னு கேட்டேன். வெள்ளிக் கலராமா. நான் ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லுன்னேன். சொன்ன ஒடனே அம்மா லேப்டாப்பக் கொண்டு போயி பீரோவுல வெச்சுப் பூட்டிருச்சாமா. பொருள் மேல அவ்வளவு அக்கறை அந்தப் புள்ளைக்கு.

இந்தாங்க, பாருங்க. டப்பா பிரிக்கலை. அந்தக் கடைக்குப் போகலீங்க, வேற கடை. இந்தக் கடைக்காரன் ஒரு கேள்வி கேக்கலை, தங்கமான மனுசன். டிடிஆர் அஞ்சு. மூணும் வேண்டாம், நாலும் வேண்டாம்னு நேரா அஞ்சுக்கே போயிட்டேன். சீட்டா? அந்தப் புள்ளைகிட்டக் கேக்கலீங்க. கேட்டா எதுக்கு மாமா செலவும்பா.

எந்திரிக்கறீங்களே, இது நம்பியூருங்க. கோபின்னுதான டிக்கெட் எடுத்தீங்க? சோலி ஞாபகம் வந்துருச்சுங்களா, சரி சரி, போயிட்டு வாங்க. பாத்து, அந்தப் பையில காலு தட்டிறப் போவுது. சாமானெல்லாம் கொண்டாந்திருக்கறனுங்க. வைஸுதான் தூக்க முடியலை. அரம் மூணு இருக்குது, வெர்னியர் இருக்குது, அவங்கம்மா பீரோ சாவிய எங்க வெக்கும்னு பேத்திக்குத் தெரியும்.